சிப்பியில் ஊறிய சோறு

கோதண்டத்தின் பீங்கான் பட்டறை ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஏரிக்கரை இறக்கத்தில் இருந்தது. வருஷம் முழுக்க அங்கே ஃப்யூஸ் கட்டைதான் செய்வார்கள். களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, ஒருமுறை சுட்டு, கிளேஸில் முக்கி, மறுபடி சுட்டால் கட்டை தயார். கிளேஸ் என்பது சுட்ட மண்ணுக்கு மேலே போர்த்துகிற கண்ணாடித் தோல். அதைக் கலக்குவதும் முக்குவதும் முனிரத்தினத்தின் வேலை. பதினோரு வருஷத்தில் அவன் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கலக்கியதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஷாரோன் வந்தாள். வாலாஜாபாத் வாத்தியார் ஒருவரின் மகள். மெட்ராஸில் ஓவியம் படித்தவள். நீலாங்கரையில் ஜீவானந்தம் என்கிற ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினீயர் கடலைப் பார்த்தாற்போல் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு மொட்டை மாடியைக் கையால் செய்த பீங்கானில் அலங்கரிக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மாடிப்படி அறையின் வெளிச்சுவர் நிறைய ஒரு பேய்க்கணவாய், அதன் எட்டுக் கைகளுக்கு நடுவே மீன் கூட்டம், கைப்பிடிச் சுவர் நெடுக நாற்பது பெரிய சிப்பிகள், சிப்பிகளில் பத்துமணிப் பூச்செடி. சூளை காலியாக இருக்கிற நாட்களில் வாடகைக்குச் சுட்டுக்கொள்ள கோதண்டம் சம்மதித்தார். கலக்கித் தர முனிரத்தினத்தையும் விட்டார்.

அவள் கேட்டது பவளச் சிவப்பு. பீங்கானில் சிவப்பு லேசில் வராது. ஃப்யூஸ் கட்டை வேகிற ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரியில் அந்தச் சிவப்பு கருகி, பழுப்பாகவோ பாசிப் பச்சையாகவோ போய்விடும். தொள்ளாயிரம் டிகிரியிலேயே கண்ணாடி உருக வேண்டும். அவ்வளவு குறைந்த சூட்டில் மணலை உருக்கிக் கண்ணாடியாக்குவதற்கு ஈயச் செந்தூரம் வேண்டும். பட்டறையில் அதை ரெட் லெட் என்பார்கள். அதோடு கொஞ்சம் பைகுரோமேட் உப்பைச் சேர்த்து, சூட்டைத் தொள்ளாயிரத்தில் நிறுத்தினால், சூளையிலிருந்து பவளம் வெளியே வரும்.

முதல்முறை அப்படி வந்தபோது முனிரத்தினம் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான். இத்தனை வருஷம் வெள்ளைக் கட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்த சூளைக்குள் இப்படியொரு நிறம் இருந்ததை நினைத்து அவனுக்கு யார்மேலோ கோபம்கூட வந்தது.

"அண்ணே, இந்தச் செவப்பு சோத்துப் பாத்திரத்துக்கு மட்டும் ஆகாது," என்றாள் ஷாரோன். "செவுத்துல ஒட்டலாம், செடி வெக்கலாம். அவ்ளோதான்."

"தெரியும்மா. மூட்டையிலயே மண்டை ஓடு போட்டு வெச்சிக்கிறான் இல்ல."

"மண்டை ஓடு போட்ட தூளுக்கு நீங்க மொதல்ல மூக்குல துணி கட்டுங்க."

அவனுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கதை.

சூளைக்கு ஒரு குளிர்ந்த மூலை உண்டு. எந்தச் சூளைக்கும் உண்டு. தீ நுழைகிற வாய்க்கு எதிர்ப்பக்கம், அடித்தட்டில், சூடு நாற்பது ஐம்பது டிகிரி குறைவாக நிற்கும். மாசி மாதம் சுட்டபோது அந்த மூலையில் வைத்த ஒரு சிப்பி அரைவேக்காடாக வந்தது. நிறம் ஏறியிருந்தது, பளபளப்பு ஏறவில்லை. கையால் தடவினால் சுண்ணாம்புச் சுவர்போல வறண்டிருந்தது. ஷாரோன் அதைக் கழிவுக் குவியலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சாயங்காலம் அவன் அதை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்தான். எண்ணெய் பட்டதும் மங்கல் போய், உள்ளங்கை இரண்டைச் சேர்த்துப் பிடித்த மாதிரி ஒரு பவளச் சிப்பி பளபளத்தது. செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அவன் மனைவி கிளியம்மாள் நடவு வேலை செய்கிறவள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்தப் பக்கத்து ஏரிப்பாசனத்தில் அவள் வேகத்துக்கு நாற்று ஊன்ற ஆளில்லை என்பார்கள். கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் எல்லாம் அடகுக் கடையில் சேர்ந்துவிட்டன. வீட்டில் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு நசுங்கின அலுமினியக் குண்டான்தான்.

"இன்னாய்யா இது? ஆரு வூட்டுது?" என்றாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே.

"நம்ம வூட்டுதுதான்."

"மொதலாளி குடுத்தானா?"

வேஸ்ட் பீஸ் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று வந்தது. "உனுக்குன்னு தனியா பண்ணேன்."

அவள் அதைத் தூக்கிக்கொண்டு பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். அதே வீட்டின் மறுபாதியில் முனிரத்தினத்தின் அண்ணி கங்கம்மாள் இருந்தாள். அண்ணன் செத்து ஆறு வருஷம். கூடையில் கருவாடு வைத்து ஒரகடம், மாத்தூர், வல்லக்கோட்டை என்று தெருத் தெருவாக விற்றுப் பிழைக்கிறவள்.

"அக்கா, உங்கொழுந்தன் பண்ணிக் குடுத்ததப் பாரு."

"அடியே, ஷோக்கா கீதுடி," என்றாள் கங்கம்மாள். "அவங்கண்ணன் என்னக் கட்டிக்கினு பதினாறு வருஷம் இருந்தான். ஒரு அகப்பக் காம்பு செதுக்கிக் குடுத்தானா? குடுத்தது பூரா முதுவுல."

சுவருக்கு இந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பது முனிரத்தினத்துக்குக் கேட்டது. அவனும் சிரித்தான்.

மறுநாள் விடியலில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது கிளியம்மாள் அடுப்படியில் குந்தியிருந்தாள். இராத்திரி மீந்த சோற்றில் தண்ணீரும் மோரும் ஊற்றி அந்தச் சிப்பியில் வைத்திருக்கிறாள். காலையில் உப்புப் போட்டுப் பிசைந்து, கடைசியில் சிப்பியைத் தூக்கி, புளித்த தண்ணீரையும் குடித்தாள். முனிரத்தினம் காலையில் வீட்டில் சாப்பிடுவதில்லை. கூட்டுரோட்டில் டீயும் பன்னும். பழையது அவளுக்கு மட்டும்.

அங்கே நின்ற அந்த அரை நிமிஷத்தில் அவன் தலைக்குள் எல்லாம் ஓடியது. கண்ணாடி நன்றாக உருகினால் ஈயம் அதற்குள் பூட்டிக்கொள்ளும். உருகாவிட்டால் ஈரச் சுவர்ச் சுண்ணாம்பு கையில் வருகிற மாதிரி வெளியே வரும். அதை வெளியே இழுப்பது புளிப்பு. இராத்திரி முழுக்க ஊறுகிற பழையதைவிடப் புளிப்பு எது? பூச்செடி வைக்கக்கூட லாயக்கில்லை என்று கழித்த சிப்பி அது. கழித்ததனாலேயே அதிக விஷம்.

"இன்னா முழிச்சிக்கினு நிக்கிற? இதுல வெச்சா சோறு சில்லுனு கீதுய்யா," என்றாள் அவள்.

அதில் வைக்காதே என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், தெரிந்தே எதற்குக் கொண்டுவந்தாய் என்பாள். அப்புறம் தனியாகச் செய்தது என்ற சொல் நிற்காது. பவுன் கேட்டாளா, பட்டு கேட்டாளா? ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று கொடுத்த ஒரே பொருள். நாளைக்கு நல்லதாக ஒன்று செய்து வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தான். வெள்ளைக் கிளேஸில், உயர்ந்த சூட்டில், ஈயமில்லாமல்.

மறுநாள் ஃப்யூஸ் கட்டை ஆர்டர் வந்தது. அதற்கு மறுநாள் ஓவர்டைம். பங்குனி போயிற்று. சித்திரையில் நல்ல வெள்ளைச் சிப்பி ஒன்றைச் செய்தும்விட்டான். கொண்டுபோய்க் காட்டியபோது அவள் ஓரமாக வைத்துவிட்டாள்.

"இது இன்னாய்யா, ஆஸ்பத்திரி கிண்ணி கணக்கா. அதான் எனுக்குன்னு பண்ணதாச்சே, அதுவே போதும்."

வைகாசியில் அவளுக்கு வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி வந்தது. மூன்று நாள், நான்கு நாள் வெளிக்குப் போகாது. வாயில் செம்புக் காசு வைத்த மாதிரி ருசி என்றாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் வயிற்றுப்புண் என்று வெள்ளை மருந்து கொடுத்தார். காரம் கூடாது, பழையது நல்லது என்றார். கிளியம்மாள் இராத்திரியும் அதையே சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆனியில் கை போயிற்று. நாற்றுக் கற்றையைப் பிடித்த வலதுகை மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. விரலை மடக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து இடதுகையால் வலதுகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று கூட நட்டவர்கள் வந்து சொன்னார்கள்.

முனிரத்தினம் அன்றைக்குச் சிப்பியைக் கொல்லைப் பக்கம் எடுத்துப்போய் உடைத்தான். கைதவறி விழுந்துவிட்டது என்றான். அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அழுதாள். ஆனாலும் உடைத்தது போதாது. நான்கு மாதம் உள்ளே போனது அதனோடு வெளியே வருமா? எலும்பில் போய்த் தங்குகிற சாமான் அது. ஒரு வாரமாகியும் வலி குறையவில்லை, கை எழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவன் சொன்னபோது எதற்கு, என்ன சொல்லிக் காட்டுவது என்று அவளே கேட்டாள். அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

அப்போதுதான் தெருவில் அந்தப் பேச்சு எழுந்தது. தீராத வயிற்றுவலி என்றால், யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். வசிய மருந்து, கெடுக்கிற மருந்து. அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும். அதை எடுப்பதற்கென்று வாலாஜாபாத் பக்கம் சந்திரம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கிளியம்மாள் பிடிவாதம் பிடித்தாள். முனிரத்தினம் கூட்டிப்போனான்.

சந்திரம்மாள் முதலில் டீ கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். வீடு எப்படி, பக்கத்தில் யார், கொடுக்கல் வாங்கல் குழம்பு யாரோடு? கிளியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்புறம் படுக்கவைத்து, தொப்புளில் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினாள். மூன்றாம் உறிஞ்சலில் எதையோ வாழையிலையில் துப்பினாள். கறுப்பாக, நாவற்பழ அளவில் ஒரு உருண்டை.

குழலை வாயில் வைக்கும் முன் அவள் வெற்றிலையை ஒதுக்குகிற சாக்கில் கன்னத்துக்கு விரலைக் கொண்டுபோனதை முனிரத்தினம் பார்த்தான். எது எப்படி நடக்கிறது என்று பார்க்கிற கண் அவனுக்கு. உருண்டை அரிசிமாவும் கரியும் என்று பிசுபிசுப்பிலேயே தெரிந்தது. பொய் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பொய்யென்றால் மெய் எது என்பார்களே.

"பொம்பள கை," என்றாள் சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு. "ஒரே செவுரு. கவுச்சி வாசன வருது. தாலி இல்லாத கழுத்து."

கிளியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. "கருவாட்டுக் கொழம்பு தந்தா இல்ல, கோடையில? நெதம் கிண்ணியில வெச்சி நீட்டுவா. எனுக்கு வாணாம்னாலும் வுட மாட்டா. இதுக்குத்தானா?"

"அண்ணி அப்பிடிப்பட்டவ இல்ல புள்ள."

"அப்ப ஆரு வெச்சது? நீயா?"

பஸ் குலுங்கிக்கொண்டு போனது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கே தெருவில் நின்று கிளியம்மாள் கத்தினாள். கங்கம்மாள் கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் முதல் அவள் கூடையில் பாதி மீந்து வந்தது. கை மருந்து வைக்கிற கை என்றால் அந்தக் கையால் எடுத்துக் கொடுத்த கருவாட்டை யார் குழம்பு வைப்பார்கள்? நாலாம் நாள் கங்கம்மாள் கூடையை எடுக்கவில்லை. ஊர்ப் பெரியதனம் தசரதன் ஒரு முடிவு சொன்னார். வருகிற ஆடி வெள்ளி, செல்லியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிக் கையால் அணைத்து கங்கம்மாள் சத்தியம் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் நீலாங்கரையில் பீங்கான் பதிக்கும் வேலை வந்தது. போகாமல் இருக்க முடியாது. எந்தத் துண்டு எங்கே என்பது அவனுக்கும் ஷாரோனுக்கும்தான் தெரியும். மாத்தூரில் வாடகைக்குப் பிடித்த வேனில் வைக்கோலுக்கு நடுவே நூற்றுச் சொச்சம் துண்டுகள் போயின. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து வருகிற வண்டி எதையும் போலீஸ் சும்மா விடுவதில்லை. வண்டலூரில் நிறுத்தி வைக்கோலைக் கிளறினார்கள். ஒரு கான்ஸ்டபிள் பேய்க்கணவாயின் கண்ணை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தான்.

"இன்னாயா இது?"

"கண்ணுங்க. அழகுக்கு."

"கண்ணு மட்டும் எங்க போவுது?"

"கை காலெல்லாம் கீழ கீதுங்க."

கான்ஸ்டபிள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

மொட்டை மாடியில் கடற்காற்று வேட்டியைப் பிடுங்கியது. அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் முழுப் படத்தையும் காகிதத்தில் வரைந்து தரையில் விரித்து, துண்டுகளை அதன்மேல் அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் சுடும் முன்பே எழுதின எண் இருக்கும். அப்புறம் துண்டுகளைத் தண்ணீர் வாளியில் ஊறப்போட வேண்டும். ஊறாத மண் சிமெண்டில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஆறு மாதத்தில் உதிர்ந்து விழும். மணல் பாலாற்று மணலாக இருக்க வேண்டும். நாலடியில் கடல் மணல் கிடக்கிறதே என்று எடுத்தால் உப்பு சுவருக்குள் உட்கார்ந்துவிடும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே அரிசி அளவு இடம் விட வேண்டும், வெயிலில் விரிந்துகொள்வதற்கு.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் பேய்க்கணவாய் சுவரில் ஏறிவிட்டது. எட்டுக் கைகளும் மீன்களை வளைத்துக்கொண்டு, கீழே விழுகிற நிழலோடு உயிராக இருந்தது. கைப்பிடிச் சுவரில் சிப்பிகள் வரிசையாகச் சிவந்தன. அவற்றுக்குப் பின்னால் கடல் நீலம். ஜீவானந்தத்தின் மனைவி ஒரு சிப்பியை எடுத்துப் பார்த்தாள்.

"கிரகப்பிரவேசத்துக்கு இதுல சுண்டல் வெச்சுக் குடுக்கலாமா ஷாரோன்? எவ்வளவு அழகா இருக்கு."

"வேணாம் ஆன்ட்டி. இதுல ஈயம் இருக்கு, வயித்துக்குள்ள போனா விஷம். செடி மட்டும்."

"ஐயோ, சரிம்மா," என்று அந்த அம்மாள் சிப்பியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். முனிரத்தினம் பூச்சுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். முழுசாக ஒரு மூச்சுகூட ஆகவில்லை. ஷாரோனின் குரல் உயரவில்லை, அந்த அம்மாளின் முகம் கோணவில்லை. அவன் ஐந்து மாதமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தது இந்த அளவு சொல்தான்.

சிமெண்ட் பூசிக்கொண்டே அவன் கேட்டான். "ஏம்மா, ஆராச்சும் தெரியாம துன்னுட்டா இன்னா ஆவும்?"

"எதுல?"

"சும்மா. இதுல."

ஷாரோன் அவனைப் பார்த்தாள். "வயித்து வலி வரும். மணிக்கட்டு தொங்கிப் போயிடும். ஈறுல நீலமா கோடு விழும். ஆனா நிறுத்திட்டு, மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஈயம்னு சொன்னா ஊசி போட்டு இறக்குவாங்க. சொல்லணும். சொல்லலைன்னா எந்த டாக்டரும் அதைத் தேட மாட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "யாருண்ணே?" என்றாள்.

"ஆருமில்லம்மா. சும்மா கேட்டேன்."

வெள்ளிக்கிழமை செல்லியம்மன் கோயில் வாசலில் கூழ் அண்டாக்கள் வரிசையாக இருந்தன. வேப்பிலையும் வெங்காயமும் மணந்தன. கங்கம்மாள் தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிச்சுப் போட்டு, சூடத்தட்டுக்கு முன் நின்றாள். கிளியம்மாள் தொங்கும் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். தசரதன் கற்பூரத்தை ஏற்றினார்.

"ஏத்துங்க ஏத்துங்க," என்றாள் கங்கம்மாள். "அணைச்சிட்டா மட்டும் எங்கையால கருவாடு வாங்கிடப் போறீங்களா? சத்தியம் பண்ணவள்னு வேற பேரு சேரும்." என்றாலும் கையை நீட்டினாள்.

"அண்ணி, வாணாம்," என்றான் முனிரத்தினம். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "மருந்தெல்லாம் இல்ல. நாந்தான். நாங்குடுத்த சிப்பியில ஈயம் கீது. அது சோத்துல எறங்கிடுச்சி."

கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது.

"ஈயமா?" என்றார் தசரதன். "பித்தள அண்டாவுக்கு உள்ளாற பூசறது ஈயந்தானப்பா. நீ குடிக்கப்போற கூழே ஈயம் பூசின அண்டாவுல கீது. ஆரு செத்தாங்கோ?"

"அது வெள்ளீயம். பாத்திரத்துக்கு நல்லது. இது காரீயம், பேட்டரில கீறது. புளிச்ச சோறு பட்டா கரைஞ்சி வரும்." தரையில் குந்தி, விரலால் மண்ணில் சூளையைக் கோடு போட்டே காட்டினான். குளிர்ந்த மூலை, அரைவேக்காடு, புளிப்பு, எலும்பு. சொல்லச் சொல்ல அவனுக்கு வார்த்தை வந்தது. கடைசியில் தலையைத் தூக்கி கிளியம்மாளின் கண்ணைப் பார்த்தான். அங்கே வார்த்தை மாறியது. "எனுக்குத் தெரியாம பூட்சி புள்ள. நேத்துதான் அந்த மேடம் சொன்னாங்கோ."

கிளியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. கங்கம்மாளிடம் போனாள். "அக்கா," என்றாள்.

கங்கம்மாள் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தாள். "ஏத்தியாச்சு. இப்ப இன்னா பண்றது, சாமிக்கே காட்டிட வேண்டியதுதான்," என்று தட்டை எடுத்து அம்மனுக்கு மூன்று சுற்றுக் காட்டினாள். அப்புறம் கிளியம்மாளின் தொங்கும் கையைப் பிடித்துத் தட்டின் மேல் ஒற்றி, கண்ணில் வைத்துவிட்டாள். "வாடி. மெட்ராஸ் பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேளு."

பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் பன்னிரண்டாம் கட்டில். ஈறைப் பார்த்ததுமே டாக்டர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊசி ஆரம்பித்தார்கள். கங்கம்மாள் கட்டிலடியில் படுத்துத் துணைக்கு இருந்தாள். ஆண்கள் பார்வை நேரத்தில் மட்டும் வரலாம். மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை. முனிரத்தினம் லீவு போட்டுவிட்டுத் தினமும் வந்தான்.

அது டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து பார்க்கிற ஆஸ்பத்திரி. இப்படியொரு கேஸ் அவர்களுக்குப் புத்தகத்தில்தான் உண்டு. பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்டார்கள்: என்ன பாத்திரம், எப்படிச் செய்தது, எவ்வளவு நாள்? முனிரத்தினம் ஒவ்வொரு முறையும் சொன்னான். கிளியம்மாள் தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் முடித்ததும் அவள் சேர்த்துக்கொள்வாள்.

"அவருக்குத் தெரியாதுங்க சார். பாவம், எனுக்குன்னு ஆசையா தனியா பண்ணது. ஒம்போது வருஷத்துல அது ஒண்ணுதான். தெரிஞ்சா குடுப்பாரா?"

நர்சிடம் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். துடைப்பக்காரம்மாளிடம் சொன்னாள். அவன் கொண்டுவந்த சாத்துக்குடியை எல்லோருக்கும் கொடுத்து, அதோடு இதையும் சொன்னாள். மூன்றாம் நாள் ஊசியில் வயிற்றுவலி நின்றது. அன்றைக்கு அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்ததும் முனிரத்தினம் செருப்பை விட்ட இடம் மறந்தவன்போல எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான்.

நாலாம் நாள் பெரிய டாக்டரே மாணவர்களோடு வந்தார். முனிரத்தினம் சொன்னான். கிளியம்மாள் சேர்த்துக்கொண்டாள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மாணவி குறிப்பேட்டில் அதையும் எழுதினாள். பேனா நகர்வது அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கணவர் அறியாமல் கொடுத்தது.

"தெரியும் சார்," என்றான் அவன்.

பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன தெரியும்?"

"விஷம்னு தெரியும். கலக்கினதே நான். தனியாப் பண்ணதும் இல்ல சார். கழிச்சிப் போட்ட பீஸு. எண்ண தடவிக் குடுத்தேன்."

மாணவி எழுதுவதா வேண்டாமா என்று டாக்டரைப் பார்த்தாள். கங்கம்மாள் சாத்துக்குடி உரிப்பதை நிறுத்தினாள். கிளியம்மாள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள், ரோட்டில் யாரையோ அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல.

"எப்பத்துலருந்து தெரியும்?"

"மொத நாளே."

"நெதம் காலைல நான் துன்றத பாத்துக்கினுதானே வேலைக்குப் போன."

"ஆமா."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கையைத் தூக்குங்கம்மா, பார்க்கலாம்," என்றார். அவள் டாக்டர் பக்கம் முழுக்கத் திரும்பி வலதுகையை நீட்டினாள். மணிக்கட்டு ஒரு விரல் உயரம் எழுந்து, நடுங்கி, விழுந்தது. நேற்று அதுவும் இல்லை. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"மணி அடிச்சிட்சி, போ," என்றாள் அவனிடம், சுவரைப் பார்த்துக்கொண்டே. பார்வை நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மாடிப்படியில் அடுத்த பத்துப் பேர் வெள்ளைக் கோட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த பையன் அவனை நிறுத்தினான்.

"அந்த லெட் பாய்சன் கேஸ் எந்த பெட்டுங்க?"

"பன்னண்டு."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நாந்தான் குடுத்தவன்," என்றான் முனிரத்தினம்.